கோழிக்கொட்டகை விளக்குக்கு எந்த அடாப்டர்?

‘‘சார், விளக்கு நல்லாத்தான் எரியுது. அடாப்டர்தான் தொட முடியாத அளவுக்குச் சுடுது’’ என்று ஒரு பெண் போனில் சொன்னார். 150 நாட்டுக்கோழிகள், பனையோலைக் கொட்டகை. கணவரை இழந்த அவருக்கு முட்டைக் காசுதான் வீட்டுச் செலவுக்கு. ‘‘உடனே சுவிட்சை அணைச்சிடுங்கம்மா’’ என்று சொல்லிவிட்டு, மறுநாள் நேரில் போனேன். கூரை மூங்கிலில் கட்டியிருந்த அடாப்டர் கருகி, ஒரு பக்கம் உருகியிருந்தது. அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காய்ந்த ஓலை!

முட்டையிடும் கோழிக்குத் தினமும் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். நம் ஊரில் பகல் சுமார் 12 மணி நேரம்தான். மீதியை விளக்குதான் ஈடுகட்ட வேண்டும். ஆனால், இரவில் சட்டென்று அணைத்தால், கோழிகள் அடையும் கம்புக்கு ஏற முடியாமல் தரையிலேயே ஒடுங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஒளியைக் குறைத்தால் தானாக ஏறி அடைந்துகொள்ளும். அதற்காகத்தான் அவர் எல்.இ.டி ஸ்ட்ரிப் லைட் போட்டிருந்தார். யோசனை சரி. அதற்கு மின்சாரம் கொடுத்த விதத்தில்தான் கோளாறு.

அவருடைய ஸ்ட்ரிப் 12 வோல்ட், மீட்டருக்கு 9.6 வாட்ஸ். 10 மீட்டருக்கு 96 வாட்ஸ் ஆகிறது. அதை 12-ஆல் வகுத்தால் 8 ஆம்பியர். கடையில் கொடுத்திருந்த அடாப்டரோ 5 ஆம்பியர். சின்னக் கன்றின் மேல் பெரிய மாட்டின் சுமையை ஏற்றிய கதைதான். கணக்கில் வரும் வாட்ஸுடன் கால் பங்கு கூட்டி வாங்க வேண்டும். 96 வாட்ஸுக்கு 120 வாட்ஸ், அதாவது 12 வோல்ட், 10 ஆம்பியர்.

ஒளியைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டரை அடாப்டருக்கு முன்னால் மாட்டியிருந்தார்கள். சாதாரண அடாப்டருக்கு அது ஆகவே ஆகாது. விளக்கு மினுக்கும், அடாப்டரும் கெடும். எல்.இ.டி-க்கு என்றே வரும் பி.டபிள்யூ.எம் டிம்மரை அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் மாட்ட வேண்டும். டிம்மரின் ஆம்பியரும் ஸ்ட்ரிப்புக்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

இரண்டு 5 மீட்டர் சுருள்களை ஒன்றன் வாலில் ஒன்றாக இணைத்திருந்ததால், கடைசியில் வெளிச்சம் மங்கியிருந்தது. டிம்மரிலிருந்து ஒவ்வொரு சுருளுக்கும் தனி வயர் இழுத்தோம், சரியாகிவிட்டது. புதிதாக வாங்குபவர்கள் நீளமான கொட்டகைக்கு 24 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்கலாம். அதே வெளிச்சத்துக்குப் பாதி ஆம்பியர்தான் ஓடும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை மட்டும் 24 வோல்ட் அடாப்டரில் மாட்டிவிடாதீர்கள்.

அடாப்டரைக் கொட்டகைக்கு வெளியே, மழை படாத, காற்றோட்டமுள்ள சுவரில் பொருத்துங்கள். உள்ளே இருக்கும் தூசியும் எச்சத்தின் அம்மோனியா வாயுவும் அதற்கு எமன். எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி-யும் அவசியம்.

இன்னொன்று, குஞ்சுகளுக்கு இந்த விளக்கை நம்பாதீர்கள். இது வெளிச்சம் தரும், கதகதப்பு தராது. குஞ்சுகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிவிடும். அவற்றுக்கு புரூடர் தனியாக வேண்டும்.

கடைக்குப் போகும் முன் ஸ்ட்ரிப்பின் வோல்ட், மீட்டருக்கு எத்தனை வாட்ஸ், மொத்தம் எத்தனை மீட்டர் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றைக் கேட்காமலே அடாப்டரை எடுத்து நீட்டும் கடையில் வாங்காதீர்கள்.