கணினிக் கூடத்தில் கோளாறு எங்கே?

பாடசாலைக் கணினிகள் பழசாகிவிட்டன, புதுசு வாங்கக் காசு சேர்ப்போம் என்று அபிவிருத்திச் சங்கத்தில் பேச்சு அடிபடுகிறது. பெற்றோர்களே, காசு கொடுக்க முன் இதை ஒருக்கா வாசியுங்கள்.

எங்கள் 18 கணினிகளிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. பவர் போட்டதும் ஒவ்வொன்றும் கேபிள் வழியே, "எனக்கு ஒரு முகவரி தாங்க, எந்தக் கோப்பை எடுக்கட்டும்?" என்று கேட்கும். மூலையிலிருக்கும் சேர்வர் பதில் சொல்லிக் கோப்பை அனுப்பும். பிஎக்ஸ்ஈ என்பது இதுதான்.

போன கிழமை பல கணினிகள் கறுப்புத் திரையோடு நின்றன. காலையில் வேலை செய்தது பின்னேரம் செய்யாது. எல்லாரும் வயசைக் குறை சொன்னார்கள். திரையிலோ "ஈ53" என்று எழுதியிருந்தது. ஈ51 என்றால் முகவரி தர ஆளில்லை. ஈ32 என்றால் கோப்பை அனுப்பவேண்டிய சேர்வரிடமிருந்து பதிலே இல்லை. ஈ53 அப்படியல்ல: முகவரி கிடைத்திருக்கிறது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. எங்கள் சேர்வர் இரண்டையும் சேர்த்தே சொல்லும். அப்போ இடையில் வேறு யாரோ பதில் சொல்கிறார்கள்!

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், அலுமாரிக்குப் பின்னால் ஒரு வைஃபை ரவுட்டர். யாரோ நல்லெண்ணத்தில் சுவிட்சில் செருகியிருக்கிறார்கள். அதுவும் முகவரி வழங்கும். சேர்வரின் பதில் பிந்தினால் கணினி ரவுட்டரின் பதிலைப் பிடித்துக்கொள்ளும். ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்தியதும் 17 கணினிகள் எழும்பிவிட்டன. செலவு ஒரு சதமும் இல்லை.

மிச்சமுள்ள ஒன்றில் ஈ61. அது கேபிள், எலி கடித்திருக்கிறது. 5 மீற்றர் நெட்வேர்க் கேபிள் யாரிடமாவது சும்மா கிடந்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.