காட்டோரத்து ரெண்டு காணி

போன இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், 'காப்புக்காட்டை ஒட்டி நிலம் வாங்கலாமா?' என்று கேட்டிருந்தார். பட்டா, எல்லை, பாதை எல்லாம் பார்த்து வாங்கச் சொல்லிப் பதில் வந்திருந்தது. சரிதான். ஆனால், பிச்சாவரம் காட்டோரம் ரெண்டு காணி வைத்திருக்கும் எனக்குச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பது எங்கள் அலையாத்திக்காடு. சுமார் 1,100 எக்டேர். படகு ஏற வருகிறவர்களுக்கு அது அழகு. எங்களுக்கு அது பக்கத்து வயல்காரர் மாதிரி. சண்டையும் உண்டு, விட்டு விலகவும் முடியாது.

அப்பா காலத்தில் காடு என்றால் விறகும், மாட்டுக்குக் கண்டல் தழையும்தான். பிறகு, 'காடு அழிகிறது, உங்கள் மாடுதான் காரணம்' என்றார்கள். ஒரு முறை எங்கள் கறவை மாட்டைப் பிடித்து வைத்து அபராதம் வாங்கினார்கள். அப்பா அதன்பிறகு சாகும்வரை திண்ணையில் காட்டுப் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்ததில்லை.

மாடு கடித்தது பொய்யில்லை. ஆனால், காடு பட்டுப்போனதற்கு அதைவிடப் பெரிய காரணம் இருந்தது. வெள்ளைக்காரன் காலம் தொடங்கி 1970-கள் வரை கூப்பு கூப்பாகக் காட்டை மொட்டையாக வெட்டினார்கள். வெயில் நேராக விழுந்து மண் காய்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் தேங்கிய கடல் தண்ணீர் வடிய வழியில்லாமல் சுண்டி, உப்பு கடுத்தது. அதில் ஒன்றும் முளைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்து சொன்னது இது. 1990-களில் வனத்துறையோடு சேர்ந்து மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டினார்கள். நானும் கூலிக்கு மண் வெட்டினேன். அலை ஏறி இறங்க ஆரம்பித்ததும் உப்பு குறைந்தது; நட்ட கண்டல் பிடித்துக்கொண்டது. வயலுக்கு வடிகால் மாதிரிதானே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அப்பாவிடம் சொல்ல அவர் இல்லை.

அதே சமயத்தில்தான் இறால் பண்ணைகளும் வந்தன. பக்கத்து நிலத்துக்காரர் குத்தகைக்கு விட்டார். முதல் வருஷம் காசு பார்த்தார். பிறகு நோய் விழுந்தது, குத்தகைக்காரர் போய்விட்டார், உப்பு மட்டும் தங்கிவிட்டது. என் கிணறும் கரித்தது. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது, எங்கள் ஊரில் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, பிழைப்பு போச்சே என்று திட்டியவர்களும் உண்டு. நான் ரெண்டும் செய்தேன்.

2004 டிசம்பர் 26. சம்பா கதிரில் பால் பிடித்திருந்த நேரம். கடலை ஒட்டிய மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு குலைந்துபோனது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குத் தண்ணீர் வேகம் தணிந்துதான் வந்தது. என் வயலுக்கு வாய்க்கால் வழியாக உப்புத்தண்ணீர் ஏறி, அந்தப் போகம் பதரானது. ஆனால், வரப்பு உடையவில்லை, மேல்மண் போகவில்லை. அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கழுவிவிட்டது. அன்றிலிருந்து காட்டைப் பார்த்து முணுமுணுப்பதைக் குறைத்துக்கொண்டேன். விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

2022-ல் பிச்சாவரத்தை ராம்சர் தலமாக அறிவித்தார்கள். ராம்சர் என்பது ஈரானில் ஓர் ஊர். 1971-ல் அங்கேதான் ஈரநில ஒப்பந்தம் போட்டார்களாம். டீக்கடையில் பேச்செல்லாம் 'பட்டா போயிடுமா?' என்பதுதான். பட்டா அப்படியேதான் இருக்கிறது. இதை முன்னாலேயே வந்து ஒருவர் சொல்லியிருந்தால் ஊரே ஒரு மாதம் தூங்காமல் இருந்திருக்காது.

போன மாதம் ஒரு தரகர் வந்தார். நெல்லில் கிடைப்பதைப்போல மூன்று மடங்கு குத்தகை, இறாலுக்கு. பேத்திக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும். மகன் என் முகத்தைப் பார்த்தான். தை அறுப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அதற்குள் இதழிடம் என் கேள்வி: கிணற்றுத் தண்ணீர் இன்னும் லேசாகக் கரிக்கிறது. தக்கைப்பூண்டு மடக்கி உழுது, அடுத்த சம்பாவுக்குக் குழியடிச்சான் போடலாமா, திருச்சி 3 ரகம் போடலாமா? எது கூடுதலாக உப்புத் தாங்கும்? தை பிறப்பதற்குள் பதில் வந்தால் உதவியாக இருக்கும்.