பின்னால் வருகிற வாசகன்

தொடர்கதை எழுதுகிறவனைப் பற்றி இலக்கிய நண்பர்களுக்கு ஒரு குறை உண்டு. முடிவு தெரியாமல் ஆரம்பிக்கிறான்; வாசகர் கடிதத்தைப் பார்த்துக் கதையை வளைக்கிறான் என்பார்கள். முழுவதையும் எழுதி, அடித்துத் திருத்தி, ஆற அமர வெளியிடுகிறவன்தான் அவர்களுக்கு எழுத்தாளன். இதற்குப் பல வருஷங்களாகப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு கிருமியிடமிருந்து கிடைத்தது!

நம் உடம்பிலுள்ள செல், நண்பர்கள் சொல்லும் எழுத்தாளனைப் போன்றது. உட்கரு என்ற அறைக்குள், டி.என்.ஏ. என்ற மூல ஏட்டைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்ற பிரதி தயாராகிறது. வேண்டாத பகுதிகளை வெட்டி, மிச்சத்தை ஒட்டிய பிறகுதான் பிரதி வெளியே போகும். அங்கே ரைபோசோம் அதைப் படித்துப் புரதம் செய்யும்.

நம் குடலில் குடியிருக்கும் ஈ. கோலி என்ற பாக்டீரியாவுக்கு அறையும் இல்லை, கதவும் இல்லை. பாலிமரேஸ் எழுதுகிறவன், ரைபோசோம் படிக்கிறவன். அவன் நாலு வரி எழுதுவதற்குள் இவன் வந்து பிரதியின் முனையைப் பிடித்துக்கொள்வான். 1970-இல் ஆஸ்கார் மில்லரும் சகாக்களும் இதை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமே பிடித்துவிட்டார்கள். மூல இழையிலிருந்து பிரதிகள் தொங்குகின்றன; அவற்றில் மணி கோத்தாற்போல் ரைபோசோம்கள். முடியாத கதைக்கு எத்தனை வாசகர்கள்!

வேகமும் ஒத்துப்போகிறது. எழுதுகிறவன் விநாடிக்குச் சுமார் 45 எழுத்து எழுதுகிறான். படிக்கிறவன் மும்மூன்று எழுத்தாகக் கூட்டி, சுமார் 15 அமினோ அமிலங்களைக் கோக்கிறான். இது தற்செயல் அல்ல என்று 2010-இல் நியூயார்க்கில் எவ்ஜெனி நட்லரின் குழுவினர் காட்டினார்கள். படிக்கிறவனைத் தாமதப்படுத்தினால் எழுதுகிறவனும் தயங்குகிறான். எழுதுகிறவன் தடுக்கிப் பின்வாங்கப் பார்த்தால், பின்னால் வருகிற படிக்கிறவன் அவனை முன்னே தள்ளுகிறான். படிக்க ஆள் வராத பிரதியோ, 'ரோ' என்ற புரதத்தின் கையில் சிக்கி நடுவிலேயே நின்றுபோகும்.

அந்த ரோவை எனக்கு நன்றாகத் தெரியும். என் தொடர் ஒன்றை 17-ஆம் வாரத்தில் நிறுத்தியவர் அவர். பெயர் சொல்ல மாட்டேன். தள்ளுகிறவர்களையும் தெரியும். ஒரு கதையில் கதாநாயகியின் தாயாரை மேற்கொண்டு என்ன செய்வதென்று புரியாமல் மூன்று நாள் பேனா ஓடவில்லை. "அந்த அம்மாவுக்கு அப்புறம் யார் சோறு போட்டார்கள்?" என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். அன்றிரவே அத்தியாயம் முடிந்தது. கதையிலேயே நல்ல அத்தியாயம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். பாசில்லஸ் சப்டிலிஸ் என்று ஒரு பாக்டீரியா மண்ணில் வாழ்கிறது. அதில் எழுதுகிறவன், படிக்கிறவனுக்காகக் காத்திராமல் வெகுதூரம் முந்திப் போய்விடுகிறான் என்று 2020-இல் தெரியவந்தது. அதுவும் குறைவின்றிப் பிழைத்துத்தான் வருகிறது. ஆகவே நண்பர்கள் தங்கள் வழியில் எழுதட்டும். எனக்கு முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்க வேண்டும்.