தோட்டாவின் கனமும் கத்தியின் நேரமும்

பாலமுனையில் பிறந்து கனடாவில் குடியேறிய மருமகன் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் கேட்ட கேள்வியே இந்தக் கட்டுரைக்குக் காரணம். அங்கே முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்று, இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போக அவர் ஆயத்தமாகிறார். கையில் இருப்பது பழைய லீ-என்ஃபீல்ட் ரைபிள், நம்மூரில் ‘த்ரீ நொட் த்ரீ’ என்று சொல்லப்படும் பொயின்ற் 303. “கடையில மூணு பெட்டி கிடக்கு மாமா. நூற்றைம்பது, நூற்றெண்பது, இருநூற்றிப் பதினைஞ்சு. நான் எத வாங்குற?” என்றார்.

நாற்பது ஆண்டுகள் செய்தித்தாளில் பணியாற்றியவனிடம் எதையும் கேட்கலாம் என்றொரு நம்பிக்கை நம்மவர்களுக்கு உண்டு. அரைகுறையாகப் பதில் சொல்லித் தப்புவதைவிட எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. இலங்கையில் இருந்து வாசிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று: இங்கே மானையோ மரையையோ சுடுவது குற்றம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டின் திருத்தம் தண்டங்களை வெகுவாக உயர்த்தியது. ஆகவே கீழே நம்மூர் பற்றி வருவதெல்லாம் பழங்கதை.

பெட்டியில் எழுதியிருக்கும் அந்த எண்கள் கிரேன் கணக்கு. ஒரு காலத்தில் ஒரு வாற்கோதுமை மணியின் நிறை என்று கொள்ளப்பட்ட அளவு அது; 7,000 கிரேன் சேர்ந்தால் ஓர் இறாத்தல். நமக்குப் பவுன் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். 150 கிரேன் தோட்டா ஒன்றே கால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. 180 கிரேன் ஏறத்தாழ ஒன்றரைப் பவுன். 215 கிரேன் ஒன்றே முக்கால் பவுனை நெருங்கும். ஒரு மோதிரத்துக்கும் இன்னொரு மோதிரத்துக்கும் உள்ள வேறுபாடுதான். அதற்காகவா இத்தனை வாதம் என்று தோன்றும்.

வாதத்துக்குக் காரணம் இந்தத் தோட்டாவின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1888இல் பிரித்தானிய இராணுவம் லீ-மெட்ஃபர்ட் ரைபிளுடன் இதனை ஏற்றுக்கொண்டபோது, அது 215 கிரேன் எடையுள்ள, மொட்டை மூக்குத் தோட்டா. முதலில் கரிமருந்து, சில ஆண்டுகளில் புகை குறைந்த கோர்டைற். உலோக உறை முழுவதும் மூடிய அந்தத் தோட்டா உடலுக்குள் விரியாமல் ஊசிபோல் ஊடுருவிப் போகிறது, எதிரி விழுவதில்லை என்று இந்தியாவின் வடமேற்கு எல்லையில் போரிட்ட படையினர் முறையிட்டார்கள். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச்சாலையில் நுனி ஈயம் திறந்த தோட்டா உருவானது அதன் விளைவு. அதன் கொடுமையைக் கண்ட நாடுகள் 1899இல் ஹேக் நகரில் கூடி, விரியும் தோட்டாக்களைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று பிரகடனம் செய்தன. மனிதனுக்கு மறுக்கப்பட்ட அந்தத் தோட்டா விலங்குக்கு மட்டும் தொடர்ந்தது. கனடாவின் பல மாகாணங்களில் இன்று சட்டம் நேர்மாறாக இருக்கிறது: மானுக்கு விரியும் தோட்டாதான் கட்டாயம், இராணுவத் தோட்டா கூடாது. கேட்கும்போது முரணாகத் தெரிந்தாலும் அதில் நியாயம் உண்டு. ஊசிக் காயத்துடன் ஓடி, எங்கோ ஒரு புதரில் இரண்டு நாள் கிடந்து சாவதை விட அந்த இடத்திலேயே விழுவது விலங்குக்கு நல்லது.

1910இல் வந்த ஏழாம் மாதிரி 174 கிரேனாக இளைத்துக் கூர்மூக்குப் பெற்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கணக்கு சுவையானது. பழைய 215 விநாடிக்குச் சுமார் 630 மீற்றர் வேகத்தில் புறப்பட்டது. புதிய 174 சுமார் 740 மீற்றர் வேகத்தில். வேகம் இருமடிப் பெருக்கமாகக் கணக்கில் சேர்வதால், ஆற்றலில் இளைத்தவனே முன்னால் நிற்கிறான். எடையையும் வேகத்தையும் வெறுமனே பெருக்கி வரும் உந்தத்தில் பருத்தவன் சற்று முந்துகிறான். ஆற்றல் காயத்தை அகலமாக்கும். நீண்டு பருத்த தோட்டா காயத்தை ஆழமாக்கும் என்று பொதுவாகச் சொல்லலாம். வேட்டைக்காரர்கள் நூறு ஆண்டுகளாக இரு கட்சியாக நின்று சண்டையிடுவது இதற்காகத்தான். கனமான தோட்டா புதரைக் கிழித்துக்கொண்டு நேரே போகும் என்ற பழைய நம்பிக்கையை மட்டும் நான் ஏற்பதில்லை. சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது, கிளையில் பட்டால் எந்தத் தோட்டாவும் திசை மாறும் என்பதே.

ஆனால் மருமகனின் கேள்விக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. ஆங்கில வேட்டை நூல்கள் எல்லாம் விலங்கு எவ்வளவு விரைவில் சாகும் என்பதையே கேட்கின்றன. பாலமுனையில் கேட்கப்பட்ட கேள்வி வேறு: அது விழுந்தபின் கத்தியோடு போய்ச் சேர எத்தனை விநாடி கிடைக்கும்?

எங்களூரில் ரைபிள் அபூர்வம். இருந்தவை பன்னிரண்டு போர்த் துவக்குகள். பயிர்க்காவலுக்காகப் போடிமார் வைத்திருந்தவை. வட்டையில் பரண் கட்டி இரவிரவாகக் காத்திருப்பார்கள். பன்றிக்கு எதைப் போட்டுச் சுட்டாலும் சரி. அதை நாம் உண்பதில்லை, ஆகவே அங்கே கத்திக்கு வேலையில்லை. மானும் மரையும் வந்தால்தான் சிக்கல். அதற்கு எஸ்.ஜீ. சன்னம்: ஓர் அவுன்சுக்கு எட்டு உருண்டைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 55 கிரேன். கூட்டிப் பார்த்தால் 303 தோட்டாவைப் போல் இருமடங்கு எடை. ஆயினும் உருண்டை விரைவில் வேகம் இழக்கும். எட்டும் எட்டு இடத்துக்குப் போகும். நாற்பது யார் தூரத்துக்கு அப்பால் அது மானைக் கொல்லாது, புண்ணாக்கும்.

1960களின் நடுப்பகுதி என்று நினைவு. சாகாமத்துக்கு மேற்கே இருந்த வயல் வாடியில் மூத்தவாப்பாவுடன் தங்கியிருந்தேன். நள்ளிரவில் பக்கத்து வரவையில் வெடிச் சத்தம். பெரிய மரை ஒன்று சன்னம் பட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டது. இரத்தத் துளிகளைப் பின்பற்றி விடியும்வரை நடந்தார்கள். சுபஹுத் தொழுகைக்குப் பின் ஓர் ஓடைக்கரையில் அதைக் கண்டார்கள். உடலில் சூடு இருந்தது, உயிர் இல்லை. கொழும்புப் பக்கம் ஓதிவிட்டு வந்திருந்த இளைஞர் ஒருவர், பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டதுதானே, சன்னம் தோலைத் துளைத்துத்தானே போனது, உண்ணலாம் என்றார். மூத்தவாப்பா நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, “உசிர் இரிக்கக்குள்ள அறுக்கல்ல. இது நமக்கில்ல மகன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஒரு கிராமத்துக்குப் போதுமான இறைச்சி. பஞ்சமில்லாத வீடுகள் அல்ல அவை. ஆனாலும் ஒருவரும் அதில் கை வைக்கவில்லை.

அன்று அந்த இரண்டு பேரும் பேசியது பதின்மூன்று நூற்றாண்டு பழைய வழக்கு என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தேன். அதீ இப்னு ஹாத்திம் என்ற தோழர் மிஃராத் எனும் கனத்த வேட்டைக் கோல் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வினவினார். அதன் கூர்முனை துளைத்துக் கொன்றால் உண்ணலாம். பக்கவாட்டில் மோதி அடிபட்டுச் செத்தால் கூடாது என்பது விடையின் சாரம். துப்பாக்கி வந்தபின், ஈயக் குண்டு துளைக்கும் கூர்முனையா, மோதிக் கொல்லும் கல்லா என்று அறிஞர்கள் பிரிந்தார்கள். யெமன் நாட்டு அறிஞர் ஷவ்கானி துளைக்கிறது என்றார். நம் காலத்தில் யூசுப் அல்-கர்ளாவியும் குண்டு அம்பைவிட ஆழமாகத் துளைக்கிறது என்று அனுமதித்தார். நம் கரையோர ஊர்கள் வழிவழியாகப் பின்பற்றிய ஷாபி மத்ஹபின் மரபு நூல்களோ ஈயக் குண்டை மோதிக் கொல்வதன் பக்கம் வைத்தன. அவ்வழியில், விழுந்த விலங்கில் நிலையான உயிர் இருக்கவேண்டும். அறுக்கும்போது அது துடிக்கவேண்டும், இரத்தம் பீறிடவேண்டும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். மருமகன் தன் ஊர் ஆலிமிடம் கேட்கட்டும். விடையைப் பொறுத்துத் தோட்டாவின் தேவை மாறும் என்பதே நான் சொல்ல வருவது.

கத்தியை நம்பிய வேட்டை நமக்கு மட்டும் உரியதன்று. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், 1850களில் வெளியிட்ட இலங்கை வேட்டை நூலில், மலைநாட்டு மரையை நாய்களை விட்டு மடக்கிக் கத்தியால் குத்திக் கொன்றதை விவரிக்கிறார். அவர் யானைக்குக் கையாண்ட துப்பாக்கியோ நான்கு அவுன்ஸ், அதாவது 1,750 கிரேன் குண்டை எறிவது. கனத்தில் மயங்கியவர் அவரைப்போல் எவருமில்லை. அவரே மரைக்குக் கத்தியை எடுத்தார் என்பது வேடிக்கைதான். அது அவருக்கு விளையாட்டு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இனி மருமகனுக்கு. குண்டு பட்டுச் செத்தாலே போதும் என்று அவர் நம்பும் ஆலிம் சொன்னால், விரியும் நுனியுள்ள 180 கிரேன். 150ஐயும் 180ஐயும் இன்றைய தொழிற்சாலைகள் ஏறத்தாழ ஒரே ஆற்றலோடுதான் தருகின்றன. ஆனால் நம் புள்ளிமான் கடா அறுபது, எழுபது கிலோ. அங்குள்ள வெண்வால் மான் கடா தொண்ணூறைத் தொடுவது சாதாரணம். பக்கவாட்டில் நில்லாமல் சாய்ந்து நிற்கும் விலங்கில் தோள் எலும்பைக் கடந்து நுரையீரலை அடைய, கனத்தவன் உதவுவான். நுரையீரலில் பட்ட மான் பெரும்பாலும் சில விநாடிகள் ஓடி விழும்.

அறுத்தே ஆகவேண்டும் என்றால், அந்தச் சில விநாடிகள்தாம் அவருக்குக் கிடைப்பவை. 150 மீற்றர் தூரத்தில் சுட்டுவிட்டுப் பனியில் ஓடிப் போய்ச் சேரமுடியாது. அப்போது தோட்டாவை மாற்றுவதில் பயனில்லை. தூரத்தை மாற்றவேண்டும்: முப்பது, நாற்பது மீற்றருக்குள் வரும்வரை காத்திருப்பது, வராவிட்டால் சுடாமல் திரும்புவது. மெதுவாகச் சாகட்டும் என்று வேண்டுமென்றே வயிற்றிலோ காலிலோ சுடுவதை எந்த மத்ஹபும் அழகிய செயலாகச் சொல்லாது. இந்தக் கிட்டிய தூரத்தில் பழைய 215 மொட்டை மூக்குத் தோட்டாவுக்கு ஒரு நன்மை உண்டு. மெதுவாகப் போவதால் இறைச்சியை இரத்தக் கட்டியாக்கிப் பாழாக்குவது குறைவு.

எந்தப் பெட்டியை வாங்கினாலும் முதலில் தாளில் சுட்டுப் பார்க்கவேண்டும். போர்க்காலத்தில் அவசரமாகச் செய்யப்பட்ட லீ-என்ஃபீல்ட் குழல்கள் எல்லாம் ஓர் அளவில் இல்லை; தேய்ந்தவையும் உண்டு. ஒன்றுக்கு நேராகப் போவது மற்றொன்றில் ஒரு சாண் விலகும். இன்னொன்று, ஈயம். 2008இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்குத் தானமாக வந்த அரைத்த மான் இறைச்சியில் ஈயத் துணுக்குகள் கண்டுபிடிக்கப்பட்டன. கலிபோர்னியா 2019 யூலை முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முற்றாகத் தடுத்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்பதால் செம்புத் தோட்டா கிடைத்தால் அதையே வாங்கச் சொன்னேன். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதில் 150 கிரேனே ஈயத்தின் 180க்குரிய நீளத்தை நெருங்கும், சிதறாமல் ஆழமாகவும் போகும். எடையை ஒரு படி குறைக்கலாம்.

நம் பக்கத்தில் இப்போது எஞ்சியிருப்பது கட்டுத்துவக்கு. ஒரு குழல், கரிமருந்து, விலங்கு நடக்கும் பாதையில் முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டிய கயிறு. உள்ளே இடுவதற்கு எடைக் கணக்கெல்லாம் கிடையாது: ஈயத் துண்டு, ஆணி, சைக்கிள் போல்ஸ், அகப்பட்டது எதுவும். பிஸ்மில்லாஹ் சொல்ல அங்கே ஆளில்லை, அறுக்க வருபவனும் இல்லை. வைத்தவன் காலையில்தான் வந்து பார்ப்பான். மரை வந்தாலும் சிறுத்தை வந்தாலும், விறகுக்கோ தேனுக்கோ போன மனிதன் வந்தாலும் கயிறு ஒன்றுதான். இலங்கை மருத்துவர்கள் இந்தக் காயங்களைப் பற்றித் தங்கள் சஞ்சிகைகளில் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் சிதைவது கால், முழங்காலை ஒட்டிய பகுதி.