கார்நிறக் கார்

கார் என்னுஞ் சொல்லுக்குக் கருமை, மேகம், மழை, கார்ப்பருவம், அப்பருவத்து விளையும் நெல் எனப் பல பொருள்கள் உண்டு. சிறப்புத்தமிழ் வகுப்பிற் சேர்ந்த நாள்முதல் ஆசிரியர் வினவுந்தோறும் இவற்றைத் தடையின்றி ஒப்பித்து வந்தோம். ஆறாவதொரு பொருளும் உண்டென்பதும், அப்பொருள் பத்திலட்சம் ரூபாய் பெறுமென்பதும் 2024-ஆம் ஆண்டு ஆவணித் திங்களிலேதான் எமக்குச் செவ்வனே விளங்கின.

எம் இல்லம் சென்னீர்குப்பத்தில், ஆவடியினின்று பூந்தமல்லிக்கு வருஞ் சாலையை அடுத்துள்ளது. எம் தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் முப்பத்தோராண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். சிலிண்டரின் உட்சுவரைக் கல்லிட்டுத் தேய்த்து அளவுக்குக் கொணரும் ‘ஹோனிங்’ வேலை அவருடையது. எத்தனையோ ஆயிரம் என்ஜின்கள் அவர் கைபட்டு வெளிச்சென்றன. அவர் தமக்கென வைத்திருந்ததோ ஒரு மொபெட்டு. சேமநிதியும் பணிக்கொடையும் கைக்கு வந்த மாலை, “ஒரு கார் வாங்குவோம்” என்றார். அன்னையார் மகிழ்ந்தார், யாமும் மகிழ்ந்தோம். உயர்ந்த இருக்கையும் அமைந்த நடையும் உடையதாய், முழங்கால் நோவுடைய அன்னையார் ஏறி இறங்குதற்கு இசைந்ததாய் ஒன்றை அவர் கருதினார் போலும் என்று எண்ணினோம். “சின்ன வண்டியாக இருக்கட்டும். ஆனால் பாய்ச்சலுள்ளதாக இருக்க வேண்டும்” என்றார் அவர்.

இளைஞர் இங்ஙனம் விரும்புவதும் முதியோர் தடுப்பதும் உலகியற்கை. எம் வீட்டில் அது தலைகீழாயிற்று. யாம் தடுத்தோம், அவர் விரும்பினார்.

அவ்விருப்பத்தின் வேர் எம் பிறப்பிற்கு நெடுங்காலம் முந்தியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளமொன்றில், ஆண்டுதோறும் மோட்டார்ப் பந்தயங்கள் நிகழ்ந்தன. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அவற்றை நடத்தினர். தந்தையார் பதினேழு வயதில் நண்பர் இருவருடன் பேருந்தேறிச் சென்று வெயிலில் நின்று அதனைக் கண்டாராம். வீதியிற் காணும் பியட்டும், பெருங்களத்தூரை அடுத்த ஆலையிற் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஆங்கே வேறு பிறவி எடுத்தாற்போல ஓடினவென்பார். பின்னர்ப் பந்தயம் இருங்காட்டுக்கோட்டையிற் புதிதாய் அமைத்த திடலுக்குப் பெயர்ந்தது. எம் ஊரினின்று அரைமணி வழிதான்; ஆயினும் அவர் அங்கே ஒருநாளும் சென்றிலர். ஞாயிறுகளில் மிகைநேர வேலை இருந்தது.

யாம் தடுத்தமைக்குக் காரணம் இரண்டு. ஒன்றை வெளிப்படச் சொன்னோம். தந்தையார்க்குக் கண்ணழுத்த நோய் உண்டு. அது நோவு செய்யாது ஓரப்பார்வையைச் சிறிது சிறிதாகக் குறைக்கும். சொட்டு மருந்து மேற்கேட்டைத் தடுக்குமேயன்றி இழந்ததை மீட்டுத் தாராது. பகலில், பழகிய சாலையில், அப்போதைக்கு ஓட்டலாமென்றும் ஆறு திங்களில் மறுபடி சோதிக்க வேண்டுமென்றும் மருத்துவர் கூறியிருந்தார். “இந்நிலையில் விரைவுக் கார் எதற்கு?” என்றோம். “இந்நிலை என்பதனால்தான் இப்போதே” என்றார். மற்றைக் காரணத்தைச் சொன்னோமில்லை. பத்திலட்சமும் காரிற் கரைந்தால் எம் முதுகலைப் படிப்பிற்குப் பணமேது என்னும் அச்சமே அது. அன்பின் முகமூடியணிந்து தன்னலம் பேசிற்று என்பதை ஈண்டு ஒளிக்காது எழுதுகின்றோம்.

நிற்க. காரைத் தேர்ந்த கதைக்கு வருவோம்.

இந்நாட்டிற் சிறு காருக்கு இலக்கணம் வகுத்தவர் எந்திர நூலார் அல்லர், வரி விதிப்போரே. 2006-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், நீளம் 4,000 மில்லிமீட்டருக்கும் பெட்ரோல் என்ஜின் 1,200 கன சென்டிமீட்டருக்கும் மேற்படாத கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்டது. அதன்பின் நான்கு மீட்டருக்கு நூலிழை குறைவான கார்கள் மழைக்காளான்போல் முளைத்தன. யாம் பார்த்த மூன்றும் அவ்வரம்பிற்கு உட்பட்டனவே. முதலாவது, 2024 மே மாதம் புதுவடிவிற் போந்த மாருதி ஸ்விப்ட். எடை குறைந்து துள்ளுவது. எனினும் ஆற்றல் ஏறத்தாழ 82 குதிரைத்திறனே. தந்தையார் ஓட்டிப் பார்த்து, “நல்ல பிள்ளை, குரல்தான் மெலிது” என்றார். அடுத்தது, அவ்வாண்டு ஜூனில் வெளிவந்த டாட்டா ஆல்ட்ரோஸ் ரேசர், 120 குதிரைத்திறன். அதன்மேல் அவருக்குப் பெரிதும் மனஞ் சென்றது. மூன்றாவது, ஹூண்டாய் ஐ20 என் லைன். என்ஜின் 998 கன சென்டிமீட்டர், சிலிண்டர் மூன்றே, ஆற்றல் 120. கழிவுப்புகையின் விசையாற் சுழலும் டர்போ என்னுஞ் சக்கரம் காற்றை நெருக்கி உட்செலுத்துதலின் இச்சிற்றுடலுக்கு இப்பேராற்றல். 2023 செப்டம்பரில் திருத்தி வெளியிட்டபோது, கைப்பழக்கத்திற்குரிய ஆறு கியர் கொண்ட பெட்டியையும் இதற்குத் தந்தனர்.

இம்மூன்றனுள் இறுதியதனை அவர் துணிந்தமைக்குக் காரணம் எந்திர நுணுக்கமன்று. அது இருங்காட்டுக்கோட்டையிற் பிறந்தது. 1998-இல் சான்ட்ரோ என்னுங் காருடன் அவ்வாலை விற்பனை தொடங்கியதுமுதல், கார்களைச் சுமந்து துறைமுகஞ் செல்லும் நீண்ட லாரிகள் பூந்தமல்லி வழியே போதலைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று அவர் பார்த்து வந்தார். “எத்தனை போயின! ஒன்று இங்கேயே இறங்கட்டுமே” என்றார்.

வகைகளுள் எளியதையே கொண்டோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஐந்திலட்சத்திற்கு மேற்பட்டுப் பத்திலட்சத்திற்கு உட்பட்ட காருக்கு வாழ்நாள் வரி நூற்றுக்குப் பதின்மூன்று; அதனைக் கடந்தால் இருபதிலட்சம் வரை பதினெட்டு. பத்திலட்சத்திற்குச் சில நூறு ரூபாய் குறைந்த வகைக்கும் அடுத்த வகைக்கும் விலையில் இருந்த இடைவெளியை இவ்வரி மேலும் மிகுவித்தது. தந்தையார் இதனைப் பழைய நாட்காட்டியின் பின்புறத்தே கணக்கிட்டுக் காட்டினார். அந்நாட்காட்டியை எடுக்கச் சென்றபோதுதான் அஞ்சலக வைப்புநிதிச் சீட்டொன்று அலமாரியிற் கண்டோம். எம் பெயரில் இருந்தது. கார்ப் பேச்சு எழுவதற்கு ஒருவாரம் முன்னைய நாளிட்டது. அதன்பின் யாம் தடை கூறவில்லை. வெட்கத்தினாற் கூறவில்லை என்றலே உண்மை.

நிறம் யாதென விற்பனையாளர் வினவியபோது தந்தையார் கறுப்பென்றார். கார்ப்பருவத்திலே கார்நிறக் கார் என்று யாம் எமக்குள்ளே நகைத்துக்கொண்டோம். அந்நகைச்சுவை அக்கடையிற் செல்லாது. சாவி தந்த நாளன்று நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சங்கனி வைத்திருந்தனர். அன்னையார் சினவாமல், “நல்ல பழமாயிருக்கின்றதே தம்பி, நசுங்க வேண்டா” என்று நான்கையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அவை ஊறுகாயாயின. செபம் வீட்டு வாயிலில் நடந்தது.

இனி, புதிய என்ஜினைப் பழக்கும் வித்தை. முதல் ஆயிரங் கிலோமீட்டருக்கு என்ஜின் சுழற்சி நிமிடத்திற்கு 2,000-க்கும் 4,000-க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும், ஒரே வேகத்தில் நெடுநேரம் செல்லலாகாது, இடரின்றேல் பிரேக்கை ஓங்கி மிதிக்கலாகாது என்று கையேடு கூறும். காரணத்தைத் தந்தையாரே உரைத்தார். சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாய் இருக்குமென்று பலர் நினைப்பர், அஃது அன்று. ஹோனிங் கல் குறுக்கும் நெடுக்குமாய் மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே இட்டு விடும். அக்கீறல்களில் எண்ணெய் தங்கும். பிஸ்டனின் வளையங்கள் முதல் நாட்களில் அக்கீறல்களின் முகடுகளைத் தேய்த்துத் தமக்குரிய இருப்பிடத்தைச் செய்துகொள்ளும். மிக மெல்ல ஓட்டினால் வளையத்தைச் சுவரோடு அழுத்தும் விசை போதாது. மிகக் கடுக ஓட்டினாற் சூடேறிச் சிதையும். “இரண்டு பேர் ஒரு வீட்டில் வாழப் பழகுவது போல” என்று அன்னையாரை நோக்கிச் சொன்னார். அன்னையார் அடுக்களைக்குட் சென்றுவிட்டார்.

இவ்வோட்டத்தை அவரே பகலிற் செய்வது, யாம் அருகிருந்து இடப்பக்கத்து ஓரத்தைச் சொல்லுவது என்று ஏற்பாடு. அகநானூற்று நான்காம் பாட்டில், பூவிலுள்ள வண்டுகள் வெருவாதபடி தேர்மணியின் நாவைக் கட்டி வருகின்றான் தலைவன். எம் தந்தையார் அப்பாட்டைப் படித்தவரல்லர். ஆயினும் அங்ஙனமே ஓட்டினார். காஞ்சிபுரம் சென்றோம், வேலூர் வரை ஒருமுறை சென்றோம். ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாவுக்கும் இடையே அறுவழிச்சாலைப் பணி அந்நாளில் முடியாதிருந்தமையின், ஒரே வேகத்திற் செல்லலாகாதென்னும் விதியைச் சாலையே காத்தது. ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் சிறு குறிப்பேடொன்றில் நாள், தொலைவு, முள் தொட்ட உச்சம் மூன்றையும் எழுதுவார்.

612-ஆம் கிலோமீட்டரில் யாம் பிழை செய்தோம். தமக்கையாரை ஆவடி இரயிலடியில் விட்டுவரும்படி ஒரு மாலை கார் எம்மிடம் தரப்பட்டது. மீளுகையில் நேர்வழி விடுத்து வெளிவட்டச் சாலையேறினோம். வெள்ளைக் காரொன்று எம்மைக் கடந்தது. அவ்வளவே. கால் தானே அழுந்திற்று. முள் 5,500-ஐக் கடந்தது. மூன்று சிலிண்டரும் ஒருங்கே முழங்கின. அம்முழக்கம் இனிதாயிருந்தது என்பதையும் மறைப்பானேன்? வீடு சேர்ந்ததும் தந்தையார் குறிப்பேட்டுடன் நின்றார். “எவ்வளவு தொட்டது?” “நாலாயிரம்” என்றோம். உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, 4,000 என்று எழுதினார்.

பொய் சொன்னது ஒருபுறமிருக்க, அது அவர் கையெழுத்தில் ஏட்டில் ஏறிவிட்டதே என்பதுதான் எம்மை உறங்கவிடவில்லை. மூன்றாம் நாட் காலை சொல்லிவிட்டோம். அவர் குறிப்பேட்டை எடுத்து, 4,000-ஐ ஒரு கோட்டால் அடித்து, அருகே 5,500 என்று எழுதினார். “என்ஜின் கெட்டிராது. கணக்குத்தான் கெட்டிருந்தது” என்றார். சற்றுப் பொறுத்து, “வாசலில் நிறுத்தியபோது விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கேட்டேன்” என்றார்.

ஆயிரமாவது கிலோமீட்டர் ஐப்பசியில் நிறைந்தது. அதற்கொரு நல்ல இடத்தை அவர் கருதியிருந்தார். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்திடலின் வாயில் அது. ஆயின் திரும்புங்கால் பூந்தமல்லியில், மெட்ரோ தூண்களுக்கு நடுவே, தண்ணீர் லாரியொன்றின் பின்னால் நத்தைபோல் ஊர்ந்துகொண்டிருக்கையில் அவ்வெண் தோன்றிற்று. தந்தையார் உரக்கச் சிரித்தார். பின்னாலிருந்தவர் ஒலிப்பான் அழுத்தினார்.

தை மாதச் சோதனையில் ஓரப்பார்வை மேலும் சுருங்கினமை தெரிந்தது. மருத்துவர் சொல்லி முடிக்குமுன் அவர் சாவியை எடுத்து எம் கையில் வைத்தார். வழியில் யாம் ஒன்றும் பேசவில்லை. சென்னீர்குப்பம் அணுகியபோது, “மூன்றாவதிலேயே போகிறாய், நாலில் போடு” என்றார். போட்டோம்.

2025 செப்டம்பர் 22 முதல் இத்தகு சிறு கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 ஆகக் குறைந்து, மேல்வரியும் நீங்கிற்று. ஓராண்டு பொறுத்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்குமென்று அயலார் ஒருவர் வீடுதேடி வந்து கணக்குக் கூறினார். தந்தையார் பொறுமையாய்க் கேட்டு, அவருக்குத் தேநீர் தரச் சொன்னார்.

குறிப்பேடு இன்னும் நடைபெறுகின்றது. இப்போது யாம் எண்ணைப் படித்துச் சொல்ல அவர் எழுதுகின்றார். முள் ஐயாயிரத்தைத் தொட்ட நாட்களும் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகின்றோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் வெளிவட்டச் சாலையில், இடப்பக்க இருக்கையிற் கண்களை மூடிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம்” என்றார்.