கேட்டா, டான்செட்டா?

பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிற யாரிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டாலும் நாலு பதில்தான் வரும். சி.ஏ., பேங்க் எக்ஸாம், டி.என்.பி.எஸ்.சி., எம்.பி.ஏ. நான் நாலாவது கோஷ்டி. எம்.பி.ஏ. என்று முடிவு செய்வது சுலபம். எந்த நுழைவுத் தேர்வு வழியாக என்பதில்தான் எனக்குத் தூக்கம் போனது. என் வகுப்பிலேயே இரண்டு மூன்று பேர் இதே குழப்பத்தில் இருப்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அறிவுரை எதுவும் இல்லை, பயப்படாதீர்கள் :-)

முதலில் விவரம் தெரியாதவர்களுக்காக. கேட் என்பது ஐ.ஐ.எம்.கள் முறைவைத்து நடத்தும் தேர்வு. 2025-ல் நவம்பர் 30 அன்று நடந்தது. கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். ஆங்கில வாசிப்பு, டேட்டாவும் லாஜிக்கும், கணக்கு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் சரியாக 40 நிமிடம். ஒரு பகுதியில் மிச்சமாகும் நேரத்தை அடுத்ததற்குக் கொண்டுபோக முடியாது. 2025-ல் மொத்தம் 68 கேள்விகள். சரியான விடைக்கு 3 மார்க். கொடுத்த விடைகளில் தப்பானதைத் தொட்டால் 1 மார்க் போய்விடும்.

டான்செட், தமிழக அரசுக்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்துவது. 2025-ல் மார்ச் 22 அன்று நடந்தது. ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் வட்டம் நிரப்ப வேண்டும். 2 மணி நேரம், 100 கேள்வி, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் கழியும். அந்த 2 மணி நேரத்தை நம் இஷ்டப்படி பிரித்துக்கொள்ளலாம். இதில் வாங்கும் மார்க்கை வைத்துத்தான் அரசுக் கலந்தாய்வு.

அமெரிக்காவில் படிக்கப் போகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு, ஜிமேட்டா ஜி.ஆர்.இ.யா என்று. ஆனால் அங்கே பெரும்பாலான பிசினஸ் ஸ்கூல்கள் இரண்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கின்றன. எது நமக்கு ஒத்துவருகிறதோ அதை எழுதலாம். நம் கதை வேறு. கேட்டை விட்டால் ஐ.ஐ.எம். கிடையாது. டான்செட்டை விட்டால் அரசுக் கலந்தாய்வு கிடையாது. தேர்வை மாற்றினால் போகிற கல்லூரியே மாறிவிடும்.

நான் 2025 ஏப்ரலில் கேட்டுக்குப் படிக்க ஆரம்பித்தேன். ஆன்லைன் வகுப்புக்கு 12,000 ரூபாய். அப்பா திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறார். சீட்டு எடுத்துத்தான் அந்தப் பணத்தைக் கட்டினார். "ஐ.ஐ.எம். திருச்சியில இருக்குதாமே, பக்கம்தான்" என்று மண்டியில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தார்.

ஆகஸ்ட் முடிவதற்குள் பதினோரு மாதிரித் தேர்வு எழுதிவிட்டேன். கணக்கு பரவாயில்லை. டேட்டா பகுதி நன்றாகவே வந்தது, பேலன்ஸ் ஷீட் பார்த்துப் பழகிய கண் இல்லையா. ஆங்கிலம் மட்டும் ஒரு தடவைகூட 40 பெர்சென்டைலைத் தாண்டவில்லை. பன்னிரண்டாவது வரை நான் தமிழ் வழி. திமிங்கலத்தைப் பற்றி, கட்டடக் கலையைப் பற்றி, யாரோ ஒரு தத்துவ ஞானியைப் பற்றி என்று ஒரு பத்தி வரும். மூன்று தடவை படித்தால் மூன்று அர்த்தம் தெரியும். கேட்டில் முதல் 40 நிமிடமே அதுதான். அங்கே விழுந்த அடியோடுதான் அடுத்த பகுதிக்கே போவேன்.

செப்டம்பரில் கேட் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியது. கட்டணம் 2,600 ரூபாய். அப்போதுதான் சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். "பேசாம டான்செட்டுக்கு மாறிடு. ஃபீஸ் ஆயிரம்தான். விழுப்புரத்துல சென்டர் கேக்கலாம். இங்கிலீஷ் கொஞ்சம் சொதப்பினாலும் மத்ததுல தேத்திடலாம்."

அன்று ராத்திரி நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் கேட், வலது பக்கம் டான்செட் என்று எழுத உட்கார்ந்தேன். மாறுவதற்கு முதல் காரணமாகப் பணம் என்று எழுதினேன். ஐ.ஐ.எம். திருச்சியில் இரண்டு வருடத்துக்கு ஏறக்குறைய இருபது லட்சம். ஆனால் விசாரித்தபோது அந்தக் காரணம் நிற்கவில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், முன்னணிக் கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் வங்கிக் கடன் உண்டு. கடன் பயம் வேறு விஷயம், ஆனால் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது, தூரம். அதையும் அடித்தேன். வேலைக்காக சென்னைக்கும் பெங்களூருக்கும் போகத் தயாராக இருக்கிறவளுக்குத் திருச்சி ஒரு தூரமா?

கடைசியில் மிஞ்சியது ஒரே வார்த்தை. ஆங்கிலம். ஐ.ஐ.எம்.கள் மொத்த மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் வைத்திருக்கிறார்கள். கணக்கில் 95 பெர்சென்டைல் வாங்கினாலும் ஆங்கிலத்தில் 40 என்றால் கதவு திறக்காது. மிச்சம் இருப்பதோ இரண்டரை மாதம்.

அப்படியானால் மாறிவிட வேண்டியதுதானே? வலது பக்கம் கனமாகத்தான் இருந்தது. கையைப் பிடித்து இழுத்தது அந்த 12,000 ரூபாய். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'சங்க் காஸ்ட்' படித்திருக்கிறோம். போன செலவு போனதுதான், இனி எடுக்கிற முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது. பரீட்சையில் பத்துக்கு எட்டு மார்க் வாங்கிய கேள்வி அது. ஆனால் அப்பாவின் சீட்டுப் பணத்தைப் 'போன செலவு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"மூட்டை நனைஞ்சு கெட்டுப்போச்சுன்னா என்ன பாப்பா பண்ணுவோம்?"

"தள்ளி வெச்சிடுவீங்க."

"ஆமா. வாங்கின காசு போச்சேன்னு அதையும் லாரியில ஏத்தினா வண்டி வாடகையும் சேந்து போவும். நீ மாறிக்கோ. ஆனா மூட்டை ஏன் நனைஞ்சுதுன்னு பாக்கணும். ஓட்டை எங்கன்னு பாக்காம அடுத்த மூட்டைய அதே எடத்துல போட்டா அதுவும்தான் நனையும்."

முதல் பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்த சங்க் காஸ்ட்தான். இரண்டாவது பாதி எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது.

யோசித்துப் பாருங்கள். டான்செட்டிலும் ஆங்கிலப் பத்திகள் உண்டு, இலக்கணப் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகள் உண்டு. அங்கே என் ஓட்டையைக் கணக்கு மார்க் மூடிவிடலாம். இடமும் கிடைத்துவிடலாம். அதற்குப் பிறகு? எம்.பி.ஏ. வகுப்பில் கேஸ் ஸ்டடி ஆங்கிலத்தில், பிரசன்டேஷன் ஆங்கிலத்தில், கேம்பஸ் இன்டர்வியூ ஆங்கிலத்தில். நான் தேர்வை மாற்ற நினைத்ததே ஆங்கிலத்திலிருந்து தப்பிக்கத்தான். அதற்கு எந்தத் தேர்வும் வழி இல்லை.

அதனால் முடிவை இரண்டாகப் பிரித்தேன். கேட்டுக்கு 2,600 ரூபாய் கட்டவில்லை. டான்செட்டுக்கு மாறிவிட்டேன். ஆனால் கேட்டுக்காக ஆரம்பித்த ஒன்றை மட்டும் விடவில்லை. தினமும் ஒரு ஆங்கிலக் கட்டுரை. கடிகாரம் கிடையாது, மார்க் கிடையாது. படித்து முடித்ததும் அது என்ன சொல்கிறது என்று தமிழில் நாலு வரி எழுதுவேன். எழுத வரவில்லை என்றால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பவும் படிப்பேன். அந்த 12,000 ரூபாயில் இந்தப் பழக்கமாவது மிஞ்சியது.

வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் கேட் எழுதப் பாண்டிச்சேரி பஸ் ஏறினார்கள். வழியனுப்பப் பேருந்து நிலையம் வரை போனேன். பஸ் கிளம்பியதும் ஏதோ ஒன்று தொண்டையில் அடைத்தது. கேட்டுக்கு வயது வரம்பு இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இதே குழப்பத்தில் இருக்கிறவர்கள் கோடு போட்டு எழுதும்போது, மாறுவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். கடைசியாக அடிக்க முடியாமல் நிற்கிறதே, அந்த ஒன்று அடுத்த தேர்விலும் உங்களோடு வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வந்தது.

நேற்றைய கட்டுரை பவளப் பாறைகளைப் பற்றி. இரண்டாவது தடவையிலேயே நாலு வரி எழுதிவிட்டேன். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "மூணாவது வரி புரியல, மாத்தி எழுது" என்றார்.