தகேர் வீதியில் ஒரு முற்றம்

பாரிஸ் நகருக்குச் செல்லும் யாத்திரிகர்கள் ஈபெல் கோபுரத்தையும் லூவர் சித்திரசாலையையும் காணாமல் திரும்புவதில்லை. நானும் அவற்றைக் கண்டு கால் கடுத்த பிறகு, ஒரு மாலை தகேர் வீதிக்குச் சென்றேன். நகரின் 14-வது வட்டாரத்திலுள்ள சாதாரணக் கடைத்தெரு அது. புகைப்படக் கலையின் மூலபுருஷர்களுள் ஒருவரான தகேரின் பெயரைத் தாங்கியது.

சினிமா டைரக்டர் ஆக்னெஸ் வர்தா அம்மையார் 2019-ல் காலமாகும் வரையில் வாழ்ந்தது அவ்வீதியில்தான். அவர் முதலில் புகைப்படக்காரர். ழான் விலார் நடத்திய ஜன நாடக சபையின் நடிகர்களைப் படமெடுத்தவர். 1954-ல் தம் முதல் கண்காட்சியை அவர் எங்கே வைத்தார் தெரியுமா? தம் வீட்டு முற்றத்திலேதான்!

அவ்வாண்டு அவர் எடுத்த படம் ஒன்று பிரசித்தமானது. கூழாங்கற்கள் நிறைந்த கடற்கரை. கடலை நோக்கி நிற்கும் ஒரு மனிதன். யுலிஸ் என்னும் சிறுவன். செத்துக் கிடக்கும் ஓர் ஆடு. 28 ஆண்டுகள் கழித்து, 1982-ல், அச்சிறுவனைத் தேடிச் சென்று ஒரு குறும்படம் எடுத்தார் அம்மையார். வளர்ந்து ஆளாகிவிட்ட யுலிஸுக்கு அந்த நாள் நினைவில்லை. அப்புகைப்படத்தைப் பார்த்துத் தானே சிறு வயதில் வரைந்த சித்திரத்தைக் காட்டியபோதும் நினைவு வரவில்லை! வருஷந்தோறும் மாணவர்களோடு குரூப் போட்டோவுக்கு உட்காரும் உபாத்தியாயனாகிய எனக்கு இச்செய்தி சுருக்கென்று தைத்தது. படம் முகத்தைக் காக்கிறது; நினைவைக் காக்கும் பொறுப்போ நம்முடையதாகவே இருக்கிறது.

முதுமையில் வர்தா வீடியோக் கலைக்குத் திரும்பினார். 2006-ல், அவ்வீட்டுக்குச் சமீபத்தில் ராஸ்பாய் சாலையில் அப்போது இருந்த கார்த்தியே கலைக்கூடத்தில், நுவார்முத்தியே தீவின் விதவைகளைப் பற்றிய படைப்பை வைத்தார். நடுவே ஒரு பெரிய திரை. அதில் கடற்கரையில் ஒரு மேஜையைச் சுற்றி நடக்கும் விதவைகள். அதனைச் சூழ 14 சிறு திரைகள். திரைக்கு ஒரு பெண். எதிரே 14 நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியிலும் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று உண்டு. அமர்ந்தால் ஒருத்தியின் குரல் மட்டுமே கேட்கும். இன்னொருத்தியின் துயரைக் கேட்க எழுந்து இடம் மாறவேண்டும். அப்பதினால்வரில் வர்தாவும் ஒருவர். 1990-ல் கணவர் ழாக் தெமியை இழந்த அவர் தம் திரையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சித்திரசாலைகளில் நாம் நூறு படங்களை நடந்துகொண்டே பார்த்துவிடுகிறோம். ஒருவர் துக்கத்தைக் கேட்க வேண்டுமானால் உட்காரத்தான் வேண்டும் என்பதை அந்த நாற்காலிகள் சொல்லாமல் சொல்லின. இருட்டும் வரையில் அவ்வீட்டு வாசலுக்கு எதிரே நின்றிருந்துவிட்டுத் திரும்பினேன். கையில் காமிரா இருந்தது. படம் எடுக்க ஏனோ தோன்றவில்லை.